சுவரில் வளர்ந்த பிள்ளை

"அவரோடதையும் எடுத்துப் பாருங்க டாக்டர்."

சொல்லியே விட்டாள். அறையில் இருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் பூவரசியைத் திரும்பிப் பார்த்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஹேமப்பிரியா. இந்தப் பக்கம், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி மாமியார் கோகிலா. ஜன்னலோரமாக நின்று கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்த கணவன் கவின்ராஜ் மட்டும், பார்த்த வேகத்திலேயே பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

கல்யாணமான புதிதிலேயே கோகிலா எச்சரித்திருந்தாள். "என்ன வேணும்னாலும் கேளு அம்மணி. நகை கேளு, ஊட்டிக்குப் போகணும்னு கேளு. ஆஸ்பத்திரியில உக்காந்துக்கிட்டு என் பையனை டெஸ்ட் எடுக்கச் சொல்லி மட்டும் வாயத் தொறந்துடாத. ஆம்பளைய அப்படி ஒரு தடவ நிக்க வெச்சுட்டா, அப்புறம் அவன் நிமிந்து நடக்க மாட்டான்." பெற்ற அம்மாவும் போனில் அதையேதான் சொன்னாள், கொஞ்சம் அழுகையைச் சேர்த்து.

அந்த ஒன்றைத்தான் இப்போது கேட்டிருந்தாள், அதுவும் பின்பக்கம் நாடா கட்டிய பச்சை அங்கியில். அந்த அங்கியைப் போட்டுவிட்டால் மனுஷிக்குப் பேச்சு வராது என்று நினைத்திருப்பார்கள் போல. இன்னும் சற்று நேரத்தில் தியேட்டருக்குக் கொண்டுபோய், கர்ப்பப்பையின் உள்சவ்வைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த புதுச் சவ்வைப் பதிக்கப் போகிறார்கள். ஒட்டினால் நல்லது. ஒட்டாவிட்டால் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். டாக்டர் இதை முந்தின நாள் சொன்னபோது, மழை வரலாம், குடை எடுத்துக்கோங்க என்கிற மாதிரிதான் இருந்தது.

எந்த நோய்க்கு இவ்வளவும்? காரணம் தெரியாத குழந்தையின்மை. அதுதான் நோயின் பெயரே. தெரியாது என்பதற்கு ஒரு பெயரை வைத்து, அந்தப் பெயருக்கு ஊசி போட்டு, அந்தப் பெயருக்காக வயிற்றில் ஓட்டை போட்டு, அந்தப் பெயருக்காக ஒரு பொம்பளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டி... பூவரசிக்கு அதை நினைத்தாலே பல்லைக் கடிக்கத் தோன்றும்.

"என்ன பேச்சு இது, நாலு பேர் இருக்கிற எடத்துல?" கோகிலாவின் குரல் தணிந்தே இருந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் குரல் தணியும். "ஆதவ் இருக்கான். கண்ணு முன்னாடி வளந்து நிக்கிறான். அதுக்கு மேல என் பையனுக்கு என்ன டெஸ்ட் வேணும்?"

ஆதவ் இருந்தான். நாமக்கல்லில் அவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் இருந்தான்.

மங்கலம் கருவள மையத்தின் வைத்தியம் அப்படி. இங்கே சோதனைக்குழாய் என்ற பேச்சே கிடையாது. "எல்லாம் இயல்பு வழி" என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள். குழாயில் யாருடையது யாருடையதோடு கலக்குமோ என்று பயந்த குடும்பங்கள் சேலம், ஈரோடு, கரூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் இங்கேதான் வந்து விழும். முதலில் பெண்ணின் உடம்பை அப்படியே கணினிக்குள் நகல் எடுப்பார்கள். ரத்தம், சுரப்பிகள், கருமுட்டை, மரபணு, ஒன்று விடாமல். அதற்கு நிழல் என்று பேர். மருந்தை முதலில் நிழலுக்குக் கொடுப்பார்கள். நிழல் கருத்தரித்தால் அதே மருந்து நிஜத்துக்கு.

பூவரசியின் நிழல் முதல் மாதமே கருத்தரித்தது. மருந்தே இல்லாமல்.

நிழலுக்குப் பிறந்த பையனை, நம்பிக்கைக்காக என்று சொல்லி, மையத்தார் இவர்கள் வீட்டுச் சுவர்த்திரையிலும் கைப்பேசிகளிலும் இணைத்துக் கொடுத்தார்கள். அவன் தினமும் வளர்ந்தான். குப்புற விழுந்தான், தவழ்ந்தான், பல் முளைத்துக் கடித்தான். கோகிலா பேர் வைத்தாள். காதுகுத்துக்குக் கிடா வெட்டிக் குடும்பத்துக் கோழிப்பண்ணை ஆட்களுக்கெல்லாம் விருந்து போட்டாள். மறுநாள் திரையில் பையன் காதில் கடுக்கனோடு சிரித்தான். சாயங்காலமானால் கவின்ராஜ் பண்ணையிலிருந்து வந்து, குளித்துவிட்டு, சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அவனோடு பந்து உருட்டுவான். இந்தப் பக்கம் உருட்டிய பந்து சுவரில் முட்டி நின்றுவிடும். அந்தப் பக்கத்திலிருந்து வேறு ஒரு பந்து உருண்டு வரும்.

நிழலுக்குப் பிறக்கிறது, நிஜத்துக்குப் பிறக்கவில்லை. அப்படியென்றால் உடம்பில் கோளாறு இல்லை. பின்னே எங்கே? "மனசுலதான்" என்று கோகிலா முடிவு கட்டினாள். அன்றிலிருந்து பூவரசியின் மணிக்கட்டில் ஒரு பட்டை ஏறியது. தூக்கம், சாப்பாடு, ரத்தக் கொதிப்பு, கோபம் எல்லாம் அதில் பதிவாகி மாமியாரின் கைப்பேசிக்குப் போகும். பண்ணைக் காற்று ஆகாது என்று, குஞ்சு பொரிப்பகத்து ஆய்வுக்கூடத்தில் அவள் பார்த்துவந்த வேலையை நிறுத்தினார்கள். லாரி டிரைவரின் மகள், அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள், நுண்ணுயிரியல் படித்தவள். படித்ததெல்லாம் இப்போது ஆதவுக்கு மத்தியானத்தில் கதை சொல்லத்தான் உதவியது. கிருமிகளை வைத்துக் கதை கட்டுவாள். அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். சில நாள் கதை முடிந்ததும் கண்ணாடியில் நெற்றியை முட்டுகிற மாதிரி வந்து நின்று கேட்பான்: "நான் எப்பம்மா வெளிய வருவேன்?"

மையத்தார் அப்படிக் கேட்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் "சீக்கிரம்டா" என்று சொல்லிவிடுவாள். அவன் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தான், அவள் வெளியே. கூடம் ஒன்றுதான்.

இன்று காலை வரை இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். காத்திருக்கும் இடத்தில் பக்கத்து நாற்காலியில் ராசிபுரத்துப் பெண் ஒருத்தி, பிரவீணா என்று பேர், சும்மா பேச்சுக் கொடுத்தாள். தன் கைப்பேசியை எடுத்து, "எங்க குட்டியப் பாருங்கக்கா" என்று காட்டினாள். திரையில் ஒரு பெண் குழந்தை. மோவாயில் சின்னக் குழி. ஒட்டிய காது மடல். மேலுதட்டைச் சுழித்துக்கொண்டு ஒரு சிரிப்பு.

பூவரசி தன் பையனைக் காட்டினாள். இரண்டு கைப்பேசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"ஐயோ, கூடப் பொறந்த மாதிரியே இருக்குதுங்க்கா!" பிரவீணா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மோவாக்குழி உங்க வீட்டுக்காரருக்குங்களா?"

"இல்ல. உங்க வீட்டுல?"

"எங்க வீட்டுலயும் ஒருத்தருக்கும் கெடையாதே."

பிரவீணா அதோடு விட்டுவிட்டாள். பூவரசியால் விட முடியவில்லை. அங்கியை மாட்டிக்கொண்டு வரச் சொன்னபோதும், நாடாவை நர்ஸ் கட்டியபோதும் அந்த மோவாய்தான் கண்ணில் நின்றது.

"பூவரசி, இப்ப இந்த நேரத்துல..." டாக்டர் ஹேமப்பிரியா நாற்காலியில் நெளிந்தார். "ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் பேசலாமே."

"முடிஞ்சப்புறம் எடுக்கறதுக்கு எங்கிட்ட என்ன இருக்கும்?" என்றாள் பூவரசி. "நான் பொரிப்பகத்துல வேலை பாத்தவ டாக்டர். பொரிப்பு கொறஞ்சா எங்க பண்ணையில மொதல்ல என்ன செய்வாங்க தெரியுங்களா? சேவலப் புடிச்சுட்டு வருவாங்க. விந்து எடுத்து நுண்ணோக்கில வெச்சுப் பாப்போம். நானே பாத்திருக்கேன். சேவல் நல்லாருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் கோழிப் பக்கமே போவாங்க. அது எங்க மாமனார் போட்டு வெச்ச சட்டம். கோழிக்கு இருக்கிற நியாயம் எனக்கு இல்லீங்களா?"

"அடச்சீ!" கோகிலா எழுந்தேவிட்டாள். "என் மகனும் சேவலும் ஒண்ணா?"

"சேவல் கூச்சப்படாது அத்தை."

கவின்ராஜின் காது சிவந்தது. டாக்டர் கையைத் தூக்கினார். "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க. நான் பேசிக்கிறேன்."

கதவு சாத்தியதும் பூவரசி நேராகக் கேட்டாள். "என் நிழலுக்குப் புருஷன் யாரு?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி.

"கேக்கறேன்ல. எங்க ரெண்டு வீட்டுலயும் மோவாக்குழி கெடையாது. ராசிபுரத்துப் பொண்ணு வீட்டுலயும் கெடையாது. ஆனா ரெண்டு பிள்ளைக்கும் இருக்கு. யாரு அவன்?"

"அவன் யாருமில்ல." டாக்டர் பெருமூச்சு விட்டார். "ஆம்பளைங்க சாம்பிள் கொடுக்கறது இங்க விருப்பம்தான், கட்டாயம் இல்ல. கொடுக்காதவங்களுக்குப் பதிலா கணினி தானே ஒரு ஆளைப் போட்டுக்கும். சராசரி ஆண். லட்சக்கணக்கான ஆரோக்கியமான ஆம்பளைங்களோட தகவலக் கூட்டி வகுத்துச் செஞ்சது. நோய் நொடி இல்லாதவன். அவனுக்கு எல்லாமே சரியா இருக்கும்."

"கொடுக்காதவங்க எத்தனை பேரு?"

"கொடுக்கறவங்க எத்தனை பேருன்னு கேளுங்க, சொல்றது சுலபம்."

பூவரசிக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப என் நிழல் இத்தனை நாளும் ஊர்ல இல்லாத ஒருத்தனோட குடும்பம் நடத்திருக்கு. காரணம் தெரியலன்னு எனக்கு ஊசி போட்டிருக்கீங்க. தேடுனாத்தானே டாக்டர் தெரியும்?"

"தேடக்கூடாதுன்னு நான் சொல்லல." டாக்டரின் குரலில் முதல் முறையாகச் சூடு ஏறியது. "ஒரு தடவ கட்டாயம்னு போட்டுப் பாத்தேன். ஹால் காலியாயிடுச்சு. புருஷனுங்க மட்டும் இல்ல, அவங்க வரலன்னு பொண்டாட்டிகளும் வரல. எல்லாம் எங்க போனாங்க? வேப்பிலை அடிக்கிறவன்கிட்ட, நாட்டு மருந்துன்னு எதையோ அரைச்சுக் கொடுக்கறவன்கிட்ட. ஒருத்தி திரும்பி வந்தப்ப கிட்னி போயிருந்துச்சு. அதான் விட்டுட்டேன். இங்கயாவது சுத்தமான ஊசி."

"சுத்தமான ஊசி" என்று பூவரசி திரும்பச் சொன்னாள். அதற்கு மேல் அந்த அம்மாளிடம் என்ன பேச? "அவரைக் கூப்பிடுங்க. இப்பவே எடுங்க. அந்த ஆளை எடுத்துட்டு என் புருஷனை உள்ள போடுங்க. என்ன வருதுன்னு பாக்கறேன்."

கவின்ராஜ் உள்ளே வந்தான். கதவைத் தானே சாத்தினான். கேட்பதற்கு முன்பே பேச ஆரம்பித்தான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எடுக்க வேண்டாம் அம்மணி. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும் உங்களுக்கு?"

"பிளஸ் ஒன் படிக்கறப்ப பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. கன்னத்துல இருந்தது கீழ எறங்கிடுச்சு. ஹாஸ்டல்ல வெளிய சொல்ல வெக்கம். மாத்திரை போட்டுப் படுத்துக்கிட்டேன். நமக்குக் கல்யாணமாகி ஒரு வருசம் போனப்புறம் பெங்களூர்ல யாருக்கும் தெரியாம பாத்தேன். விந்துல உயிரணு ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கத் தோன்றவில்லை. அதுதான் ஆச்சரியமாக இருந்தது. இந்த மனுஷன் எத்தனை முறை அவளோடு இங்கே வந்து, ஊசி போடும்போது தலையைத் தடவிக் கொடுத்திருக்கிறான்.

"தெரிஞ்சும் என்னை மேசையில படுக்க வெச்சீங்க."

"சொல்லிடலாம்னுதான் இருந்தேன். சத்தியமா. அதுக்குள்ள ஆதவ் வந்துட்டான்." அவன் கண் கலங்கியது. "நான் சொன்னா டாக்டர் என்னை உள்ள போடுவாங்க. போட்டா நிழல் எல்லாத்தையும் திருத்திக்கும். அப்படித்தானே டாக்டர்?"

"ஆமா" என்றார் டாக்டர். "அவரைப் போட்டா கருத்தரிப்பு நடக்காது. நடக்காததுக்குப் பொறந்த பிள்ளை இருக்க மாட்டான்."

"பாத்தியா? அவன் போயிடுவான்." கவின்ராஜ் அவள் கையைப் பிடித்தான். "வைத்தியத்த நிறுத்தினாலும் போயிடுவான். வைத்தியம் நடக்கற வரைக்கும்தான் சுவர்ல விடுவாங்க. அதான் டாக்டர் ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல சரின்னேன். இந்த ஆபரேஷனும் பண்ணிக்க அம்மணி. பொறக்காட்டியும் பரவாயில்ல. நான் ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். வேற கல்யாணம்னு அம்மா ஆரம்பிச்சாலும் நான் விட மாட்டேன். அவன் இருப்பான்ல, அது போதும்."

"என் கர்ப்பப்பை?"

"டாக்டர் கைராசிக்காரங்க. ஒண்ணும் ஆவாது."

அவள் கையை உருவிக்கொண்டாள். இத்தனை நாள் பிள்ளை பிறப்பதற்காகத்தான் இந்தப் பாடு என்று நம்பியிருந்தாள். பிள்ளைக்காக இல்லை. ஒரு படம் அணையாமல் இருக்க, அவள் உடம்பைத் திரியாக வைத்து எரித்திருக்கிறார்கள்.

கதவு திறந்தது. கோகிலா நின்றாள். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ. கைப்பேசியில் ஆதவ் தெரிந்தான், ஏதோ பொம்மை லாரியை ஓட்டிக்கொண்டு.

"எனக்கும் தெரியும் கண்ணு." கோகிலாவின் குரலில் தணிவும் இல்லை, கோபமும் இல்லை. "ஹாஸ்டல்ல இருந்து கூட்டியாந்தப்ப இவன் வேட்டியத் தொவச்சவ நானு. அப்பவே ஒரு டாக்டர் சொன்னாரு. எனக்குப் புரிஞ்சுது. வெளிய சொன்னா இவனுக்கு ஆரு பொண்ணு குடுப்பா? சாமிகிட்ட மட்டும் சொல்லி அழுதேன்."

"எங்க அப்பாகிட்டச் சொல்லிருக்கலாமே அத்தை. பொண்ணு கேட்டு வந்தப்ப."

கோகிலா கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "என்னை என்ன வேணாப் பண்ணு. என் பேரனைக் கொன்னுடாத. நீயும்தானே அவனுக்குக் கதை சொல்லுவ. நான் பாத்திருக்கேன்."

"அம்மா" என்றான் ஆதவ். லாரியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். அவன் கண்கள் பூவரசியின் கண்கள். அதில் மட்டும் பொய் கிடையாது. நிழலும் அவள் உடம்புதான். அவளிடமிருந்து எடுத்துப் போட்டதுதான் அந்தக் கண். "அம்மா, பச்சைச் சட்டை போட்டிருக்க."

அறையில் மூன்று பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். வேண்டாம் என்றால் அவள் பிள்ளையைக் கொன்றவள். சரி என்றால் மேசை. இரண்டுக்கும் நடுவில் நிற்க இடமே விடாமல் எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்கள்!

"ஆமாண்டா" என்றாள் அவனிடம். "கழட்டப் போறேன்."

பிறகு டாக்டரைப் பார்த்தாள். "இந்த நிழல் யாருக்குச் சொந்தம்?"

"உங்க உடம்போட தகவல். உங்களுக்குத்தான். சட்டப்படி உங்க வார்த்தைதான் செல்லும்."

"அப்ப அவனை நிறுத்த வேண்டாம். ஓடட்டும்." கோகிலா கையெடுத்துக் கும்பிடப் போனாள். பூவரசி தடுத்தாள். "இருங்க அத்தை. டாக்டர், என் பாதியை மட்டும் வெளிய எடுத்துடுங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. "அம்மா இல்லாம அது ஓடாதே."

"அப்பா இல்லாம ஓடுச்சில்ல? அதுக்கு ஒரு ஆளு வெச்சிருந்தீங்கல்ல? பொம்பளையிலயும் அதே மாதிரி சராசரியா ஒருத்தி இருப்பா. நோய் நொடி இல்லாதவ. கோபம் வராதவ. அவளைப் போடுங்க."

"ஆனா உங்க பேர்ல சிகிச்சை..."

"அவளுக்குப் பண்ணுங்க. எவ்வளவு ஊசி போட்டாலும் ஒண்ணும் சொல்ல மாட்டா. உள்சவ்வையும் சுரண்டிக்கோங்க."

கவின்ராஜ் "பூவரசி" என்றான். பேர் சொல்லி அவன் கூப்பிட்டு ரொம்ப நாளாயிற்று. அவள் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அது கொஞ்ச நேரம் கீச்கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது.

டாக்டர் ஹேமப்பிரியா அவளையே பார்த்தார். பிறகு விசைப்பலகைப் பக்கம் திரும்பினார். தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கோகிலா மூச்சைப் பிடித்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தாள். திரை ஒரு தடவை மங்கியது, தெளிந்தது. பையன் இருந்தான். மோவாய் அதே மோவாய். கண் வேறு. அகலமான, சாந்தமான, ஊர்பேர் இல்லாத கண். அவன் லாரியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். "அப்பத்தா!"

"இருக்கான்" என்றாள் கோகிலா. நெஞ்சில் கை வைத்தாள். "இருக்கான் கவினு, இங்க பாரு, அப்படியே இருக்கான்!" கவின்ராஜ் ஓடிவந்து அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாம்மா" என்றான். "அப்படியே இருக்கான்."

பூவரசி அதைக் கேட்டாள். இன்னும் ஒரு கணம் நின்றாள், யாராவது நிமிர்ந்து தன்னைப் பார்ப்பார்களா என்று. பிறகு உடைமாற்றும் அறைக்குப் போய்ப் பச்சை அங்கியை அவிழ்த்துப் போட்டாள். சுடிதாரை மாட்டிக்கொண்டாள். ஹாலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஆளுக்கொரு கைப்பேசியைக் குனிந்து பார்த்தபடி, கொஞ்சிக்கொண்டு. நர்ஸ் ஒருத்தி ஓடிவந்தாள். "அக்கா, தியேட்டர் ரெடி, எங்க போறீங்க?"

"உள்ள ஒருத்தி படுத்திருக்கா, பாருங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, வெயிலுக்குள் இறங்கி நடந்தாள்.